இரண்டு விநாடிக்கு முன்: இருசக்கர வண்டியும் அளவறிந்த துணிவும்

இருசக்கர வண்டி ஓட்டுவதில் ஆபத்தே இல்லாத நிலை என்று ஒன்று கிடையாது. நிறுத்தினால் சாய்ந்துவிடும் வண்டி, ஓடும்போதுதான் தானாக நிமிர்ந்து நிற்கிறது. ஓட்டுபவரைச் சுற்றித் தகடு இல்லை, கண்ணாடி இல்லை, சீட் பெல்ட் இல்லை. மோதும்போது காரின் முன்பகுதி நசுங்கி வாங்கிக்கொள்ளும் விசையை இங்கே மனித உடம்பு வாங்கிக்கொள்கிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஆண்டில் மாநிலங்களிலேயே மிக அதிகமான விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105.

இந்த எண்களைக் காட்டி வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அது யாருக்கும் உதவாது. விடியற்காலையில் பால் ஊற்றுபவர், சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகிறவர், ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் திரும்பும் மில் தொழிலாளி, பேருந்து எட்டிப்பார்க்காத ஊரிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண் எனக் கோடிக்கணக்கானோருக்கு வண்டிதான் பிழைப்பு, வண்டிதான் விடுதலை. அவர்கள் ஏற்கும் ஆபத்துக்கு ஈடாக அவர்களுக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஆபத்தை ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது, ஏற்றதை எப்படிக் குறைக்கலாம் என்பதே.

ஆபத்தை அளக்க ஓர் அலகு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முடிவெடுப்பியல் பேராசிரியராக இருந்த ரொனால்டு ஹோவர்டு அதை உருவாக்கினார். சாவதற்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு இருந்தால் அது ஒரு மைக்ரோமார்ட். பிரிட்டன் போன்ற நாடுகளின் சாலைக் கணக்கை வைத்துப் பார்த்தால் மோட்டார் சைக்கிளில் ஏறத்தாழ 10 கி.மீ. போவது ஒரு மைக்ரோமார்ட். காரில் அதே அளவு ஆபத்து சேர வேண்டுமானால் ஏறத்தாழ 400 கி.மீ. ஓட வேண்டும். இது சராசரிக் கணக்கு. குடித்துவிட்டு ஓட்டுபவரும், ஹெல்மெட்டின் பட்டியை மாட்டி 40 கி.மீ. வேகத்தில் போகும் ஆசிரியரும் இந்தச் சராசரிக்குள் சேர்ந்தே கிடக்கிறார்கள். சராசரியிலிருந்து விலகி நிற்பது பெருமளவுக்கு ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. இந்தத் துறையில் நம்பிக்கை தரும் செய்தி அதுதான்.

விபத்து எப்படி நேர்கிறது என்பதை ஊகத்தில் பேசாமல் தெருவில் இறங்கிப் பார்த்த ஆய்வுகளில் தலையாயது தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் நடத்தியது. அவரது குழு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. கூடவே 3,600 காவல்துறை அறிக்கைகளையும் படித்தது. 1981இல் வெளிவந்த அந்த அறிக்கை அதுவரை இருந்த பல எண்ணங்களைக் கலைத்துப் போட்டது. விபத்து என்றால் தலைதெறிக்கும் வேகம் என்பது பொது நம்பிக்கை. ஆய்வில் கண்ட நடுத்தர வேகமோ, சிக்கல் தொடங்கும் நேரத்தில் ஏறத்தாழ 48 கி.மீ.தான். விபத்துகளில் நான்கில் மூன்று பங்கு வேறொரு வாகனத்துடன் மோதியவை. அவற்றிலும் மூன்றில் இரண்டில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மறித்துக் குறுக்கே வந்தது அந்த மற்ற வாகனம்தான். ஓட்டியவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ நண்பர், உறவினர் சொல்லியோ ஓட்டப் பழகியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

இவற்றையெல்லாம் விட முக்கியமான எண் ஒன்று அந்த அறிக்கையில் இருக்கிறது. ஆபத்து தென்பட்ட கணத்திலிருந்து மோதும் வரை ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் கிடைத்த நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் மூளை ஆபத்தை உணர வேண்டும், என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும், கையும் காலும் அதைச் செய்ய வேண்டும். பலர் பின்பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைப் பூட்டினார்கள், முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை, விலகி ஓட்டும் திறமை ஏறக்குறைய யாரிடமும் இல்லை. எனவே துணிவு அளவறிந்ததா இல்லையா என்பது அந்த இரண்டு விநாடியில் தீர்மானமாவதில்லை. எந்த வேகத்தில் வந்தார், சாலையின் எந்தப் பகுதியில் வந்தார், தலையில் என்ன இருந்தது, டயர் எப்படி இருந்தது, அந்தப் பயணத்துக்கு அவர் கிளம்பியிருக்க வேண்டுமா என்பவையெல்லாம் முன்பே முடிவாகிவிட்டவை.

மற்ற ஓட்டுநர் ஏன் குறுக்கே வருகிறார்? திமிர் ஒரு காரணம், ஆனால் சிறிய காரணம். 1999, 2000 ஆண்டுகளில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வு மொபெட்டுகளையும் சேர்த்துக்கொண்டது. பாதி விபத்துகளில் மற்ற வாகன ஓட்டுநரின் பிழையே முதன்மைக் காரணம். அந்தப் பிழைகளிலும் பெரும்பாலானவை வண்டியைக் காணாமல் விட்டவை. பார்க்கவில்லை என்று சொல்லும் அந்த ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. சந்திப்பில் நின்று வலமும் இடமும் பார்க்கிறவரின் கண் லாரியை, பஸ்ஸை, காரைத் தேடுகிறது. ஒல்லியான பைக் காரின் கதவுத் தூணுக்குப் பின்னால் முழுதாக மறைந்துவிடும். கண்ணில் பட்டாலும், சிறிய உருவம் பெரிய உருவத்தை விடத் தொலைவில் இருப்பதாகவும் தாமதமாக வந்து சேரும் என்றும் மனம் கணக்குப் போடுகிறது. மோட்டார் சைக்கிள் உரிமமும் வைத்திருந்த கார் ஓட்டுநர்கள் இப்படிக் காணாமல் விடுவது குறைவு என்று அதே ஆய்வு கண்டது. பழகிய கண் அதைத் தேடத் தெரிந்த கண்.

காணப்படுவதற்கான மலிவான வழி விளக்கு. மலேசியா 1992இல் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்று மோட்டார் சைக்கிள்களுக்குச் சட்டம் போட்டது. பார்வைக்குப் படாததால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாக அந்நாட்டு ஆய்வாளர் ராடின் உமரும் அவர் குழுவினரும் கணக்கிட்டார்கள். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் என்ஜின் ஓடினால் விளக்கும் எரிகிறது. அந்த ஆண்டுகளில் எதிரே வருகிறவர்கள் கையை மூடித் திறந்து, பகலில் லைட் எரிகிறது என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி அவர்கள் சொன்னதே விளக்கு வேலை செய்ததற்குச் சான்று, அந்த வண்டி அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. விளக்கு இருந்தாலும், தன்னை யாரும் பார்க்கவில்லை என்று எண்ணியே சந்திப்பை நெருங்குவது நல்லது. எதிரே திரும்ப நிற்கும் காரின் ஓட்டுநரது முகத்தை விட அதன் முன்சக்கரத்தைப் பார்ப்பது பயன் தரும். சக்கரம் உருளத் தொடங்கியதும் தெரிந்துவிடும்.

அடுத்தது வேகம். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வேகம் பற்றி அறிவுரை நிறைய இருக்கிறது, கணக்கு குறைவு. ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு விநாடி ஆகும் என்றும், உலர்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவர் என்றும் வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் வருபவர் ஏறக்குறைய 21 மீட்டரில் நின்றுவிடுவார். 60இல் வருபவருக்கு 40 மீட்டர் வேண்டும். 80இல் வருபவருக்கு 63 மீட்டர். இந்த மூன்றாவது எண்ணை இன்னொரு விதமாகப் பார்க்கலாம். 60இல் வந்தவரும் 80இல் வந்தவரும் ஒரே இடத்தில் ஒரே மாட்டைக் காண்கிறார்கள். முதலாமவர் 40 மீட்டரில், மாட்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறார். இரண்டாமவர் அதே இடத்தை வந்தடையும்போது இன்னும் 60 கி.மீ. வேகத்தில் இருக்கிறார். கூடுதலாக 20 கி.மீ. வேகம் வைத்ததற்கு விலை 20 கி.மீ. வேக மோதல் என்று தோன்றும். உண்மையில் விலை 60 கி.மீ. வேக மோதல். லாபம் என்ன என்றும் பார்க்க வேண்டும். 20 கி.மீ. தூரத்தை 80இல் போனால் 60இல் போவதை விட ஐந்து நிமிடம் மிச்சம். அதுவும் வழியில் ஒரு வேகத்தடையோ சிக்னலோ லெவல் கிராசிங்கோ குறுக்கிடாமல் இருந்தால். நம் சாலைகளில் அந்த ஐந்து நிமிடம் பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. விலை மிகப் பெரியது, வரவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அளவறிந்த துணிவு இந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொள்ளாது.

நன்றாகப் பிரேக் பிடிப்பவர் என்ற அனுமானமே இங்கே பலருக்குப் பொருந்தாது. முன்பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தே ஊர்களில் வண்டி பழக்குகிறார்கள். இந்த அறிவுரை பல உயிர்களைப் பறித்திருக்கும். வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பின்சக்கரம் இலேசாகித் தரையில் பிடிப்பை இழக்கிறது. நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு அப்போது முன்சக்கரத்திடம்தான் இருக்கும். பின்பிரேக்கை மட்டும் நம்பினால் 60 கி.மீ. வேகத்தில் நிற்க 40 மீட்டருக்குப் பதில் ஏறத்தாழ 60 மீட்டர் ஆகிவிடும், வண்டி பக்கவாட்டில் சறுக்கும் வாய்ப்பும் உண்டு. முன்பிரேக் தூக்கி எறிவது அதைத் திடீரென்று வெடுக்கென இழுக்கும்போதும், மணலிலோ வளைவிலோ பிடிக்கும்போதும்தான். விரல்களால் படிப்படியாக அழுத்திக்கொண்டே போனால் வண்டி நேராக நிற்கும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம், அதற்குக் கீழானவற்றில் இரு பிரேக்கும் சேர்ந்து வேலை செய்யும் அமைப்பு கட்டாயம். இவை கை தவறும்போது காக்கும். மொட்டை டயரையும் காற்றில்லாத டயரையும் இவற்றாலும் காக்க முடியாது.

சாலைப் பரப்பு இன்னொரு பாடம். வளைவின் ஓரத்தில் சேரும் மணலும் ஜல்லியும், லாரி சிந்திய டீசலும், நீண்ட வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழையில் மிதந்து மேலே வரும் எண்ணெய்ப் பிசுக்கும், நனைந்த வெள்ளைக் கோடும் டயரின் பிடிப்பைத் திருடுபவை. களம் இல்லாத ஊர்களில் அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பி வாகனங்கள் ஏறட்டும் என்று விட்டிருப்பார்கள். காய்ந்த அந்தத் தண்டுகளின் மேல் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. இப்படிப்பட்ட இடங்களில் வேகத்தை முன்பே குறைத்து, அங்கே போனபின் பிரேக்கையும் ஹேண்டில்பாரையும் தொந்தரவு செய்யாமல் கடப்பதே வழி. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

இரவில் விதி ஒன்றே ஒன்று: கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகம். பல வண்டிகளின் தாழ்ந்த ஒளி 40 மீட்டர் தெளிவாகக் காட்டினாலே அதிகம். மேலே சொன்ன கணக்குப்படி அந்த ஒளியில் 60 கி.மீ. என்பது கடைசி எல்லை. எதிரே வரும் பேருந்தின் ஹை பீம் கண்ணைக் கூச வைத்தால் அதுவும் இல்லை. பின்விளக்கு எரியாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் லாரியும், டீக்கடைக்கு எதிரே நடுத்தடுப்பில் யாரோ உண்டாக்கிக்கொண்ட இடைவெளியும், யூ டர்ன் தூரம் என்பதால் ராங் சைடில் வரும் வண்டியும் நான்குவழிச் சாலையில் இரவில் காத்திருப்பவை. வழக்கமாகப் போகும் சாலை என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைப்பவருக்கு, நேற்று இல்லாத லாரி இன்று நிற்கும் என்பது தெரியாமல் போகிறது.

மொபெட்டும் மோட்டார் பொருத்திய சைக்கிளும் தனியாகப் பேச வேண்டியவை. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 தமிழ்நாட்டுக் கிராமத்தின் உழைப்பாளி. புல்லுக்கட்டு, தேங்காய் மூட்டை, தண்ணீர்க் குடம், முறுக்குத் தகரம், குடும்பம் என எதையும் சுமந்தது. வேகம் பாதியானால் மோதும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும் என்பதால் மெதுவான வண்டிக்கு இயல்பாகவே ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் அதன் ஆபத்துகள் வேறு திசையிலிருந்து வருகின்றன. பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரம் இலேசாகி ஹேண்டில்பார் அலையும், சிறிய டிரம் பிரேக் அத்தனை பாரத்தை நிறுத்தத் திணறும். 80இல் பாயும் வாகனங்களுக்கு நடுவே 35இல் போகும் வண்டி பின்னாலிருந்து இடிபடும். அதற்கு நல்ல பின்விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர், கண்ணாடி ஆகியவை என்ஜினை விட முக்கியம். புறவழிச்சாலையைத் தவிர்த்துப் பழைய ஊர்ச்சாலையில் இரண்டு கி.மீ. சுற்றிப் போவதும் அதை ஓட்டுபவர்களுக்கு விவேகமே. 250 வாட்டுக்குக் குறைவான ஆற்றலும் 25 கி.மீ.யைத் தாண்டாத வேகமும் கொண்ட மின்வண்டிக்கு உரிமமும் பதிவும் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதைப் பயிற்சியும் ஹெல்மெட்டும் தேவையில்லை என்று படித்துக்கொள்வது தவறு. சத்தமில்லாமல் வரும் அந்த வண்டியைத் தெருவில் விளையாடும் குழந்தை கேட்பதில்லை.

16 வயதுப் பிள்ளைக்குச் சட்டம் அனுமதிப்பது, உரிமம் பெற்று, 50 சிசியைத் தாண்டாத வண்டி. இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அதைத் தாண்டியவை. பள்ளிக்குப் போக ஸ்கூட்டரைக் கொடுத்தனுப்பும் பெற்றோர் பலருக்கு இது தெரியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமமில்லாச் சிறுவர் செய்யும் குற்றத்துக்குப் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இதுவரை பார்த்தவை விபத்து நேரும் வாய்ப்பைக் குறைப்பவை. நேர்ந்தபின் சேதத்தைக் குறைப்பது ஹெல்மெட். 1935 மே மாதம் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தமது பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வந்த பிரிட்டிஷ் படை அதிகாரியும் எழுத்தாளருமான டி. ஈ. லாரன்ஸ், சைக்கிளில் போன இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க விலகித் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸ். அந்தச் சாவு அவரை மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களின் பக்கம் திருப்பியது. 1941இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஹெல்மெட் அணிந்தவரின் காயம் எவ்வளவு குறைவு என்பதை எடுத்துக்காட்டியது. இன்றைய ஹெல்மெட்டின் உயிர் அதன் வெளிஓட்டில் இல்லை, உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கில் இருக்கிறது. அது நசுங்கும்போது தலை நிற்பதற்குச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஒருமுறை நசுங்கினால் அது மீளாது, அந்த ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் சாவின் வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகச் சொல்கிறது. இந்தியாவில் 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்த இருசக்கர வண்டிப் பயணிகள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்தவர்கள்.

தமிழ்நாட்டில் உயர்நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கண்டிப்பாக்கப்பட்டது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பது 2021 ஜூன் முதல் நாடு முழுவதும் குற்றம். ஆனாலும் போலீஸ் நிற்கும் சந்திப்பு வரை முழங்கையில் தொங்குவதும், பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து வருவதும், பட்டி மாட்டாமல் தொப்பி போலக் கவிழ்ந்திருப்பதும் தொடர்கின்றன. பட்டி மாட்டாத ஹெல்மெட் மோதலின் முதல் அடியிலேயே கழன்று போய்விடும். தலை தரையைத் தொடும்போது அது வேறெங்கோ உருண்டுகொண்டிருக்கும்.

பாதுகாப்பு கூடினால் மனிதன் துணிச்சலையும் கூட்டிக்கொள்கிறானா என்பது ஆய்வாளர்கள் நெடுநாள் வாதிட்ட கேள்வி. கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜெரால்டு வைல்டு, ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய ஆபத்தின் அளவுக்கே திரும்பி வருகிறார்கள் என்றார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சிகளில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ் பொருத்திப் பார்த்தபோது, அந்த ஓட்டுநர்கள் இன்னும் நெருக்கமாகவும் கடுமையாகவும் ஓட்டினார்கள், விபத்து குறையவில்லை. ஹெல்மெட்டின் பலனை இந்த வாதம் மறுத்துவிடாது. 2007 டிசம்பர் 15 அன்று வியட்நாம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபின் அங்கே தலைக்காயமும் சாவும் குறைந்தன. ஆனால் ஓட்டுபவர் தம்மிடமே கேட்டுக்கொள்ளத் தக்க எச்சரிக்கை இதில் உண்டு: புதிய டயர், நல்ல பிரேக், விலையுயர்ந்த ஜாக்கெட் இவை தரும் கூடுதல் பாதுகாப்பை மிச்சமாக வைத்திருக்கிறாரா, வேகமாக மாற்றிச் செலவழித்துவிடுகிறாரா?

எதையும் திருப்பித் தராத ஆபத்துகளும் இருக்கின்றன. குடித்துவிட்டு ஓட்டுவது அவற்றில் முதலாவது. ஹர்ட் ஆய்வில் உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் ஏறத்தாழ பாதியில் மது இருந்தது. தூக்கம் கண்ணைச் சொக்கும்போது இன்னும் 30 கி.மீ.தானே என்று ஓட்டுவது, செல்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு போவது, மூன்று பேர் ஏறுவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீலிங் செய்து படம் பிடிப்பது ஆகியவையும் அப்படியே. இவற்றைத் துணிவு என்று அழைப்பது, வேலைக்காக மழையில் வண்டி எடுப்பவரின் துணிவை அவமதிப்பது.

பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஆபத்தை முடிவு செய்வது முன்னால் இருப்பவர். இது தனிப் பொறுப்பு. ஒருபக்கமாக உட்காரும் பெண்ணின் புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தை மறைக்கும் காப்பும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் மோட்டார் வாகன விதிகளின்படி கட்டாயம். அழகுக்காக அவற்றைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை ஏறினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டி வேண்டும், குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது என்று 2022இல் விதி வந்தது. தம் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்பதில் கருத்து வேறுபடலாம். டேங்கின் மேல் உட்காரவைக்கப்பட்ட குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை.

இவ்வளவும் கற்றுக்கொடுக்கக் கூடியவை. ஆனால் கற்றுக்கொடுக்கும் இடம் இல்லை. தமிழ்நாட்டில் இருசக்கர வண்டி உரிமத்துக்குப் போகிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டு போட்டுக் காட்டுகிறார். கால் ஊன்றாமல் மெதுவாக வளைத்து ஓட்டத் தெரியும் என்பதற்கு அது சான்று. 50 கி.மீ. வேகத்தில் குழந்தை குறுக்கே ஓடிவந்தால் அவர் என்ன செய்வார் என்பதை அது சொல்லாது. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் தேர்வின் முதல் பகுதியில், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்டவும், அதே வேகத்தில் ஒரு தடையை விலகிப் போய்க் காட்டவும் வேண்டும். இங்கும் எட்டு போடும் அதே மைதானத்தில் அதற்கு இடம் ஒதுக்கலாம். அதுவரை, புதிதாக வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆளில்லாத மைதானத்துக்குப் போய், 20 கி.மீ. வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்திப் பழகட்டும். வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் சாவியைக் கொடுக்கும் முன் அந்தக் காலை நேரத்தைக் கேட்டு வாங்கட்டும்.